மாமியார் கோடு

வெள்ளிக்கிழமையோடு நஜ்மாவுக்கு நாவலூர் ஆபீசில் வேலை முடிய வேண்டும். திங்கட்கிழமை கோயம்புத்தூரில் புது வேலை. கல்யாணமான நாளிலிருந்து அங்கே தனியாகக் கிடக்கும் அவள் கணவன் சைஃபுல்லா வீடுகூடப் பார்த்துவிட்டான். மாமல்லபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் நசுங்கி வந்த பிழைப்பு தீர்ந்தது என்று அவளும் நிம்மதியாக இருந்தாள். எங்கே தீர்ந்தது!

எல்லாம் அவளே இழுத்துவிட்டுக்கொண்ட வினைதான். பிஸ்கட் பொட்டலம் கட்டும் இயந்திரங்களைக் கம்ப்யூட்டரில் வரைகிற ஆபீஸ் அது. முன்பெல்லாம் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக வரைந்து கடைசியில் கோப்பார்கள். அகலம் கொஞ்சம் மாறினாலும் ஒவ்வொன்றாகத் திருத்துவதற்குள் உயிர் போய்விடும். முதலில் கோடுகளால் ஒரு சட்டகம் போடுவோம், பாகமெல்லாம் அதைப் பார்த்து அமையட்டும் என்று மேலிருந்து கீழே வரும் முறையைக் கொண்டுவந்தவள் நஜ்மா. ஒரு கோட்டை நகர்த்தினால் மொத்த இயந்திரமும் நகர்ந்து கொடுக்கும். எல்லாரையும் ஆட்டிவைக்கிற நடுக்கோட்டுக்கு விளையாட்டாக ‘மாமியார்’ என்று பெயரும் வைத்தாள்.

வியாழக்கிழமை, அவளுக்குப் பதிலாகப் புதிதாகச் சேர்ந்திருந்த அபிஷேக் சட்டகத்தைத் திறந்தான். மாமியார் என்ற பெயரைப் பார்த்ததும், யாரோ கிண்டலுக்குப் போட்ட கோடு என்று நினைத்து அழித்துத் தொலைத்தான். திரை முழுக்கச் சிவப்பு. உருளை ஒரு பக்கம், கத்தி ஒரு பக்கம் பிய்ந்து கிடந்தன.

“அக்கா! இன்னாக்கா இது, எல்லாம் செவந்துகினே போவுது!”

“அடப்பாவி, மாமியார் மேலயா கைய வெச்ச?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. வேறு யாரும் தொடத் துணியவில்லை. பழைய பிரதியை எடுத்து அவளேதான் சரிசெய்தாள். எல்லாவற்றையும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் மேனேஜர் ஜான்சன்.

“நாளைக்கி உன்ன அனுப்ப முடியாதும்மா. இன்னும் ரெண்டு மாசம் இரு.”

“அதுக்குள்ள அந்த வேல போய்டும் சார்! அந்தக் கோட்டோட பேர மாத்திட்டு, இவனுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்.”

“தனித்தனியா வரைஞ்சிருந்தா எவன் வேணா பாத்துக்குவான். இப்போ எல்லாமே உன் ஒரு கோட்லதான் தொங்கிகினு கீது. நீ இல்லாம இங்க ஒண்ணும் அசையாதும்மா.”

பாராட்டாகத்தான் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரிடம் இப்படி ஒரு வார்த்தை கேட்க ஏங்கியவள் அவள். இப்போது கேட்டதும், ஏன்தான் கேட்டோமோ என்றிருந்தது. வேலையிலிருந்து விடுவித்ததாக அவர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் கோயம்புத்தூர்க்காரர்கள் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

சாயங்காலம் சைஃபுல்லா போன் செய்து, எந்த பஸ் என்று கேட்டான்.

“என்னை விட மாட்டேங்கிறாங்க மச்சான்,” என்றாள். “நான் அவ்ளோ நல்லா வேல பாத்துட்டேன்.”