ஏர்கோன் குடித்த சாம்பிராணி

மனைவியும் பிறந்த குழந்தையும் மறுநாள் காலையில் வீட்டுக்கு வர வேண்டும். அன்று பார்த்து எங்கள் படுக்கையறை ஏர்கோன் குளிரை விட்டுவிட்டு வெறும் காற்றை ஊதியது.

மனைவி ஆஸ்பத்திரியிலிருந்தே போனில் கேட்டாள்: "ரூம் குளிருதா? இல்லன்னா பிள்ளைய தூக்கிக்கிட்டு சிம்பாங் அம்பாட்ல அக்கா வீட்டுக்குப் போயிருவேன் லா."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜார்ஜ் டவுனில் எங்கள் அடுக்குமாடி வீடு மேற்கு வெயிலைப் பார்த்து நிற்கிறது. பல வருஷம் காத்திருந்து பிறந்த மகள். அவள் முகம் பார்க்க நான் தினமும் கடல் பாலம் தாண்டி அக்கரைக்குப் போவதா?

ரிமோட்டில் பதினாறு வைத்தேன். எண் குறைந்தால் சீக்கிரம் குளிரும் என்று நம்பியிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சமையல் கேஸ் தீர்வது போல ஏர்கோன் கேஸும் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஏர்கோன் பழுது பார்ப்பவரை வரவழைத்தேன்.

என் வயதுக்காரர்தான். ஏணியில் ஏறி முன்மூடியைத் திறந்து, தூசி பிடிக்கும் பில்டர் வலையை உருவினார். தார் பூசியது போல கறுத்து ஒட்டியது. முகர்ந்து பார்த்தார்.

"அண்ணே, இது தூசி மட்டும் இல்ல. சாம்பிராணி."

நான் கீழே பார்த்தேன். சாமி மேடை அந்த ஏர்கோனுக்கு நேர் கீழே இருந்தது. பிரசவத்தில் தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிரிய வேண்டும் என்று காலையும் மாலையும் அம்மனுக்குச் சாம்பிராணி போட்டேன். மனைவி ஹாலில் இருப்பாள். அவள் பக்கம் புகை போகாதபடி அறையைச் சாத்தி, வியர்க்காமல் கும்பிட ஏர்கோனையும் போட்டுக்கொள்வேன்.

நான் இதைச் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஒம்பது மாசமா எல்லாத்தையும் இதுதான் குடிச்சிருக்கு."

வலையைக் கழுவிக்கொண்டே விளக்கினார். கேஸ் எரிந்து தீரும் பொருள் இல்லையாம். குழாய்க்குள்ளேயே சுற்றி, அறைச் சூட்டை எடுத்துப்போய் வெளியே விடுமாம். குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அதை அழுத்திச் சுற்றவிடுவது வெளியே தொங்கும் பெட்டியிலுள்ள கம்ப்ரசர். ஹார்ஸ்பவர் என்பது இயந்திரத்தின் பலம். அறை பெரிதானால் அதுவும் கூட வேண்டும். பதினாறு என்பது வேகம் இல்லை, அறை எந்தக் குளிருக்கு வர வேண்டும் என்பதுதான். எங்கள் கேஸ் சரியாகவே இருந்தது. மூச்சுதான் அடைத்திருந்தது.

ஏர்கோனை மறுபடி போட்டதும் சில்லென்று முகத்தில் அடித்தது. கண் கலங்கிவிட்டேன்.

சாமி மேடையை ஹாலுக்கு மாற்ற வேண்டும். பிள்ளை பிறந்த தீட்டு இருப்பதால் நான் படத்தைத் தொடக்கூடாது. தயங்கி நின்றேன். அவரே சோப்புப் போட்டுக் கைகழுவி, செருப்பைக் கழற்றி வாசலில் விட்டிருந்ததை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அம்மனை இரண்டு கையாலும் தூக்கி வந்து வைத்துக்கொடுத்தார்.

மறுநாள் மனைவி வந்தாள். அறைக்குள் கால் வைத்தவள், அக்காவுக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

முப்பதாம் நாள் தீட்டுக் கழித்து, ஹாலில் சன்னலைத் திறந்து வைத்து சாம்பிராணி போட்டேன். அறைக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

"கதவ சாத்துங்க. ஏர்கோனுக்கு மறுபடியும் பக்தி வந்துரப் போவுது."

எட்டிப் பார்த்தேன். ஏர்கோன் இருபத்தாறில் ஓடிக்கொண்டிருந்தது. மகள் தூங்கினாள். மெதுவாகச் சாத்தினேன்.