இருபத்திரண்டு பேர் என் பிள்ளைகள் இல்லை

கடிதம் வந்தபோது நான் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில், கொழுந்து உருட்டும் இரண்டாம் ரோலருக்கு அடியில் மல்லாந்து படுத்து, தேய்ந்துபோன பித்தளைப் புஷ் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தெமோதரை ஸ்டேஷனிலிருந்து தபால் கொண்டுவருகிறவர் என் காலைத் தட்டி, "பினாங்குத் தபாலுங்க" என்றார். டீச்சர்தான் எழுதியிருப்பார் என்று நினைத்து, "பெட்டி மேல வச்சுட்டுப் போங்க" என்றேன். புஷ்ஷை மாற்றி, ரோலரை ஓட்டிப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு உறையை எடுத்தபோதுதான் அது வேறு யாரோ எழுதிய விலாசம் என்று கண்டேன். எங்கள் தோட்டத்துப் பள்ளியில் ஆறு வருஷம் கற்பித்துவிட்டுப் பினாங்குக்குக் கப்பலேறிய அன்னபாக்கியம் டீச்சர், பத்து நாள் காய்ச்சலில் இறந்துவிட்டதாக அங்குள்ள பள்ளித் தலைவி எழுதியிருந்தார். அரைமணி நேரம் அந்தச் செய்தி என் பெட்டியின் மேல் கிடந்திருக்கிறது.

அவரை அறிந்தவர்கள் பதுளையிலும் பண்டாரவளையிலும் மடுல்சீமைப் பக்கத்திலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் கொழும்பில் எஞ்சின் வேலையும் வரைபடமும் படித்தவன். அலங்காரமாக எழுத வராது. அன்னபாக்கியம் டீச்சர் பொறுமையின் வடிவம் என்று இனிமேல் யாராவது மேடையில் பேசலாம். நம்பாதீர்கள். அவருக்குப் பொறுமை என்னைவிடக் குறைவு. பிடிவாதம்தான் இருந்தது.

மடுல்சீமையில் ஒரு தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பதுளையில் மிஷன் பெண்கள் பள்ளியில் படித்துத் தேறி, எங்கள் தோட்டத்துக்கு டீச்சராக வந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளும் மலைக்குப் போய்விடுவார்கள். கொழுந்து நிறுத்துப் போட்டு வந்த பிறகு இரண்டு மணி நேரம் பாடம். கொழுந்து அதிகம் வந்தால் அதுவும் இல்லை. நடுவில் வேலைக்குக் கூப்பிடத் தப்புப் பறை அடித்தால் பாதிக் கணக்கில் எழுந்து ஓடுவார்கள். ஒருநாள் ஸ்டோருக்கு வந்து உடைந்த கரும்பலகையைச் சரிசெய்யக் கொடுத்தபோது அவர் சொன்னார்: "ஒரு நா முழுக்கப் பாடம் சொல்லணும் தம்பி. காலையில ஆரம்பிச்ச கணக்க அன்னைக்கே முடிக்கணும். அது போதும் எனக்கு."

அதற்காகத்தான் அவர் வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு எழுதத் தொடங்கினார். பதுளைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த மரைக்காயர் ஒருவர், தாம் வாசித்து முடித்த ஆங்கிலப் பத்திரிகைகளை மாதம் ஒருமுறை கட்டாகக் கொடுத்துவிடுவார். டீச்சர் விளம்பரப் பக்கத்தை மட்டும் படிப்பார். ரங்கூனுக்கு எழுதினார். சிங்கப்பூருக்கு எழுதினார். நேட்டாலுக்கும் எழுதினார். என் கையெழுத்து வரைபட எழுத்து என்பதால் நல்ல பிரதி எடுத்துக் கொடுப்பது நான்தான். சில இடங்களிலிருந்து பதிலே இல்லை. பதில் எழுதியவர்கள் எந்தக் கல்லூரி, யார் சிபாரிசு என்று கேட்டார்கள். "நாள் ஒன்றுக்கு எத்தனை மணி நேரம் கற்பிக்கிறீர்கள்" என்ற கேள்விக்கு அவர் "இரண்டு" என்று எழுதச் சொல்வார்.

"அஞ்சுன்னு போடுங்க அக்கா. எவன் வந்து பாக்கப் போறான்" என்பேன்.

"ரெண்டுன்னு எழுது. பாக்க வந்தா வரட்டும்."

உலகமெல்லாம் நடந்த பெரிய சண்டை முடிந்து கப்பல்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கியிருந்தன. ரயில் அப்போது பண்டாரவளை வரைக்கும்தான். பினாங்கில் சீனர், மலாய்க்காரர், தமிழர், வெள்ளைக்காரர் எல்லார் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் பெண்கள் பள்ளி ஒன்றிலிருந்து பதில் வந்தது. அதன் தலைவியான வெள்ளைக்காரத் துரைசாணி சீமைக்குப் போகும் வழியில் உடம்பு தேற்றிக்கொள்ளப் பண்டாரவளையில் சில வாரம் தங்குவாராம். டீச்சர் பாடம் நடத்துவதை நேரில் பார்த்து முடிவு சொல்வாராம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தார்.

பத்து மணிக்குப் பள்ளியில் யார் இருப்பார்கள்? கொழுந்துக்குப் போகாத சின்னஞ்சிறுசுகள் ஒன்பது பேர். எனக்குக் கை துறுதுறுத்தது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம், எல்லாருக்கும் தெரியும். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் வகுப்பில் தலை குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று பயம். ஆகையால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பிள்ளைகளை இரவல் வாங்கி உட்கார வைப்போம். அவர்களுக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் நம் பிள்ளைகளை அனுப்புவோம். நான் பெரிய கங்காணி முத்துக்கருப்பனிடம் போனேன். "அதுக்கென்ன, டீச்சரம்மா நமக்கு வேத்து ஆளா" என்று அவரும் எழுந்தார். பக்கத்துத் தோட்டத்தில் அந்த வாரம் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து நடந்ததால் அங்கே பிள்ளைகளுக்கு மலையில் வேலையில்லை. இருபத்திரண்டு பேரைக் குளிப்பாட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து அனுப்பினார்கள். டீச்சரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்.

அவர் ரோட்டு முனை வரை போய்த் துரைசாணியை அழைத்து வந்தார். கதவருகில் வந்ததும் நின்றார். முப்பத்தொரு பிள்ளைகள் எழுந்து கும்பிட்டார்கள். டீச்சர் அவர்களைப் பார்த்தார், பிறகு ஜன்னலருகே நின்ற என்னைப் பார்த்தார். ஆரம்பியுங்கள் என்று நான் கையைக் காட்டினேன்.

துரைசாணிக்குப் பினாங்கில் பழகிய தமிழ் கொஞ்சம் இருந்தது. முன்வரிசைப் பையனிடம் குனிந்து, "உன் டீச்சர் நல்லா சொல்லிக் குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

"எங்க வாத்தியாருங்களா? அடிப்பாருங்க" என்றான் அவன். "பெரிய மீச வச்சிருப்பாருங்க."

"இவங்க?"

பையன் டீச்சரை நன்றாக ஏற இறங்கப் பார்த்தான். "இவங்க யாருன்னு தெரியாதுங்க."

என் பக்கத்தில் நின்ற கங்காணி தலைப்பாகையைக் கழற்றிவிட்டார். நான் என் பூட்ஸைப் பார்த்தேன். டீச்சர் ஆங்கிலத்தில், குரல் மாறாமல் சொன்னார்: "இவர்களில் இருபத்திரண்டு பேர் என் பிள்ளைகள் இல்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்து இரவல் வாங்கி வைத்திருக்கிறார்கள். என் பிள்ளைகள் மலையில் கொழுந்து எடுக்கிறார்கள். என் வகுப்பைப் பார்க்க வேண்டுமானால் ஒரு மைல் ஏற வேண்டும்." பிறகு இரவல் பிள்ளைகளிடம் திரும்பி, "நீங்க வீட்டுக்குப் போங்க கண்ணுகளா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றார்.

வேலை போனது என்றே நினைத்தேன். துரைசாணி குடையை ஊன்றிக்கொண்டு ஏறத் தொடங்கினார். கங்காணி டீச்சர் பின்னாலேயே ஓடினார். "ஏந் தாயி, பினாங்குக்குப் போறவ மலைக்கு எதுக்கு ஏறுறே? தொரசாணி பாவாட பூரா அட்ட ஏறிடுமே." அட்டை ஏறத்தான் செய்தது. நிறுவைக் கொட்டகையருகில் போய்ச் சேர்ந்ததும் செல்லி என்ற பத்து வயதுப் பெண் ஒன்றும் கேட்காமல் குனிந்து, துரைசாணியின் காலுறையிலிருந்து இரண்டு அட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தன் கூடையோடு வரிசையில் நின்றுகொண்டாள்.

அந்த வரிசைதான் டீச்சரின் வகுப்பு. ஸ்டோரிலேயே கிடந்த எனக்கு அது அன்றுவரை தெரியாது. கூடையோடு தராசுக்குக் காத்து நிற்கும் நேரத்தில், பின்னால் நிற்கிற பிள்ளை முன்னால் நிற்கிற பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதில் சொன்னவன் திரும்பித் தனக்கு முன்னால் நிற்பவனிடம் இன்னொன்று கேட்க வேண்டும். எஞ்சினிலிருந்து ரோலருக்கு வார்ப்பட்டை ஓடுவதுபோல, வரிசையின் வாலிலிருந்து தலைக்குப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. வெறுங்கையால் ஓர் இயந்திரம் செய்து வைத்திருந்தார். செல்லி காலருகே ஈர மண்ணில் குச்சியால் இலங்கையைக் கீறி, பதுளை இருக்கும் இடத்தில் ஒரு கொழுந்தை வைத்தாள். "பினாங்கு எங்கே?" என்று துரைசாணி கேட்டார். செல்லி இன்னொரு கொழுந்தை எடுத்துக்கொண்டு கிழக்கே எட்டு எட்டு வைத்து நடந்து, துரைசாணியைச் சுற்றிக்கொண்டு போய், அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தாள். "இம்புட்டு தூரங்க. நடுவுல எல்லாம் கடலுங்க." அதற்குள் தராசுக்காரர் கூப்பிட்டார். அவசரத்திலும் இலங்கையை மிதிக்காமல் தாண்டிப் போனாள்.

துரைசாணி தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "எழுதுகிறேன்" என்று மட்டும் சொல்லி இறங்கிப்போனார்.

அவர் தலை மறைந்ததும் டீச்சர் என்னிடம் வந்தார். "உங்களுக்காகத்தான் அக்கா செஞ்சேன்" என்றேன்.

"தெரியும். எனக்காகச் செஞ்சதாலதான் இன்னும் அடிக்காம நிக்கிறேன்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார்: "இல்லாத வகுப்ப எனக்குக் கட்டிக் குடுத்தியே தம்பி. இருக்கற வகுப்ப ஒரு தடவ வந்து பாத்தியா?" நான் பார்த்ததில்லை.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பள்ளி விடுதியில் பிள்ளைகளின் துணிமணிகளையும் சாப்பாட்டையும் பார்த்துக்கொள்ளும் வேலை தருகிறோம், உடனே புறப்படலாம் என்றிருந்தது. லயமே கொண்டாடியது. கங்காணி தேங்காய் உடைத்தார். நானும், "மொதல்ல கப்பல் ஏறுங்க. அங்க போய் மத்தத பேசிக்கலாம்" என்றேன்.

"வாசல்ல என்ன பேரச் சொல்லி நுழையறமோ அதுதான் தம்பி உள்ளேயும் நம்ம பேரு" என்றார். அன்றைக்கே பதில் எழுதச் சொன்னார். நான் எழுதிய "தாழ்மையுடன்", "தயவுகூர்ந்து" எல்லாவற்றையும் அடித்தார். மிஞ்சியது இவ்வளவுதான்: "என் வகுப்பைப் பார்க்க நீங்கள் ஒரு மைல் ஏறினீர்கள். நான் துணி மடிப்பதை நீங்கள் பார்க்கவில்லை. பார்த்த வேலையைத் தருவதானால் வருகிறேன்."

நான்கு மாதம் பதில் இல்லை. நான் அவரோடு சண்டை பிடித்தேன். கையில் இருந்ததைக் கெடுத்துவிட்டீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் அடுத்த பத்திரிகைக் கட்டை அவிழ்த்து, கொழும்புத் துறைமுகத்தில் ஏறி எந்த ஊருக்கெல்லாம் போகலாம் என்று விளம்பரப் பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தார். வரிசைப் பாடம் ஒருநாளும் நிற்கவில்லை. ஐந்தாம் மாதம், மூன்றாம் வகுப்புக்கு டீச்சராக வரலாம் என்று ஒற்றைப் பத்தியில் கடிதம் வந்தது.

பினாங்கிலிருந்து அவர் எழுதிய முதல் கடிதத்தில் கடலைப் பற்றியோ ஊரைப் பற்றியோ ஒன்றுமில்லை. "இங்கே நடுவில் யாரும் எழுந்து மலைக்குப் போவதில்லை. கணக்கு முடிகிறது" என்று எழுதியிருந்தார். நான்கு வருஷம் கணக்குகளை முடித்தார்.

போன வாரம் மடுல்சீமைக்குப் போய் அவருடைய தகப்பனாரிடம் கடிதத்தை வாசித்துச் சொன்னேன். ரோடு முடிகிற இடத்திலிருந்து வெகுதூரம் நடக்க வேண்டும். பெரியவர் லயத்து வாசலில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்கேயும் டீச்சருன்னுதான் கூப்பிட்டாங்களா?"

"ஆமாங்கய்யா. இதுல அப்படித்தான் எழுதியிருக்கு."

அந்தச் சொல் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

திரும்பி வந்த அன்றே முத்துக்கருப்பன் கங்காணி ஸ்டோருக்கு வந்தார். வருகிற செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறாராம். "போன தடவ மாதிரி நீங்களே பக்கத்துத் தோட்டத்துல ஒரு வார்த்த சொல்லிடுங்க தம்பி" என்றார். சொல்லமாட்டேன் என்றேன். பள்ளியை மூடிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். புதிதாக வந்திருக்கும் வாத்தியாரையும் கூட்டி வைத்துக்கொண்டு, டீச்சர் போன பிறகு நின்றுபோன வரிசைப் பாடம் எப்படி ஓடும் என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். இரண்டு நாளாகப் பிள்ளைகள் தராசடியில் பழகுகிறார்கள். செல்லி இப்போது வளர்ந்த பெண். அவள்தான் சிறுசுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

அன்னபாக்கியம் டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஒன்பது பேர் இருந்தால் இன்ஸ்பெக்டர் ஒன்பது பேரைத்தான் பார்ப்பார். மற்றவர்கள் எங்கே என்று கேட்டால், நான் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டேன். அவருக்கு முன்னால் மலை ஏறுவேன்.