கடைசிப் பத்து நிமிஷம்

எங்கள் மில் அணி அந்த வருஷம் சரியத் தொடங்கியபோது எல்லோரும் முதலில் திட்டியது முன்வரிசை ஆட்டக்காரர்களைத்தான். போன சீசனில் கோல்களாக அடித்துத் தள்ளிய சென்டர் ஃபார்வர்டு சென்னையில் ஒரு பேங்க் அணிக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் மாற்றி மாற்றி ஆள் போட்டுப் பார்த்தார்கள். ஒருவர் காலிலும் பந்து நிற்கவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. ஆரப்பாளையம் பக்கம் மில் லைன் வீடு ஒன்றில் குடியிருந்தோம். என் கணவருக்கு ஸ்பின்னிங்கில் வேலை, அணிக் கமிட்டியிலும் இருந்தார். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணமாகி வந்தபோது ஃபுட்பாலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அணி பயிற்சி செய்யும் மைதானம் லைனுக்குப் பின்னால்தான் இருந்தது. கொடியில் துணி எடுக்கிற சாக்கில் நின்று பார்க்க ஆரம்பித்தேன். இரண்டாவது வருஷம் பின்வரிசையில் நிற்க வேண்டிய பேக் ஏன் இவ்வளவு முன்னால் ஏறி நிற்கிறார் என்று கணவரிடம் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டேன்.

லீக் மேட்ச்கள் ஊருக்குள் வேறு மைதானத்தில் நடக்கும். பெண்கள் போவது வழக்கமில்லை. முடிவு தெரிய வேண்டுமென்றால் கணவர் திரும்பும் வரை காத்திருக்க வேண்டும். ஜெயித்த நாளில் தெருமுனையிலேயே பேச்சுச் சத்தம் கேட்கும். அந்த வருஷம் சத்தமே இல்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நெடுநேரம் கால் கழுவிக்கொண்டிருப்பார். நான் எதுவும் கேட்காமல் சோற்றைப் போடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் முன்னறையில் கூட்டம் சேரும். அதில் ஓயாமல் பேசுகிறவர் மெயின்டெனன்ஸில் இருந்த ஒரு ஃபிட்டர். அணி ஒரு மேட்சாவது ஜெயிக்கிற வரை சவரம் செய்வதில்லை என்று வேண்டிக்கொண்டு, தாடியைச் சொறிந்தபடி உட்கார்ந்திருப்பார். யார் யாரிடம் தோற்றால் நமக்கு எத்தனையாவது இடம் என்று எல்லோரும் சேர்ந்து கணக்குப் போடுவார்கள். எந்தப் பக்கமிருந்து போட்டாலும் கணக்கு இரண்டாம் டிவிஷனில் போய்த்தான் நின்றது.

அப்படி இறங்கிவிட்டால் அணியையே கலைத்துவிடப் போகிறார்கள் என்று ஆபீஸ் பக்கம் பேச்சு அடிபட்டது. அது வெறும் மானப் பிரச்சினை இல்லை. ஆட்டத்துக்காக மில்லில் சேர்த்த பையன்கள் பலர் பதிலிகள். நிரந்தரத் தொழிலாளி யாராவது வராத நாளில் அவர் வேலையைச் செய்கிறவர்கள். அணி இருக்கும்வரைதான் அவர்களுக்கு மில் கேட் திறக்கும்.

எங்களுக்கு நாலு வீடு தள்ளியிருந்த கோல்கீப்பரும் பதிலிதான். வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். நல்ல உயரம். முந்தைய சீசனில் அவரைத் தாண்டிப் பந்து போவதே அபூர்வம். இந்த வருஷமும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தார்; கோல் அடிக்க ஆளில்லாமல் மேட்ச்கள் டிராவில் முடிந்தன, அவ்வளவுதான். ஐப்பசி பிறந்த பிறகுதான் தினுசு மாறியது. ஆட்டம் முழுக்கப் பிடித்து நிறுத்திவிட்டு, கடைசிப் பத்து நிமிஷத்தில் சின்னப் பிள்ளைகூடத் தடுத்துவிடுகிற பந்தை விட்டுவிடுவார். ஒரு மேட்சில் அப்படி நடந்தது. அடுத்ததிலும் நடந்தது. மூன்றாவது முறையும் நடந்தபோது, எங்கள் முன்னறையில் எவரும் கணக்குப் போடவில்லை.

"கை நழுவுனா ஒரு தடவ நழுவும்," என்றார் ஃபிட்டர். "கடைசிப் பத்து நிமிஷத்துல மட்டும் எப்படி மாப்ள நழுவும்?"

விலைபோய்விட்டான் என்ற வார்த்தையை அன்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மறுநாளே அது லைன் முழுக்கப் பரவியிருந்தது.

குழாயடியில் அது வெடித்தது. கீப்பரின் மனைவி தாய்வீட்டில் எடுத்துக்கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு தண்ணீர் பிடிக்க வந்திருந்தாள். கைக்குழந்தைக்காரி, அதிகம் பேசாதவள். வரிசையில் நின்ற ஒருத்தி, தோத்தாலும் சில வீட்டுக்குப் புதுச் சேலை வருதே என்றாள். இவள் பாதி நிறைந்த குடத்தை அப்படியே விட்டுவிட்டு நடந்தாள்.

குடத்தை நிரப்பி நான் அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எரியவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும் என்று ஏதோ ஆறுதலுக்குச் சொன்னேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவருக்குப் பொழுது சாஞ்சா கண்ணு தெரியலக்கா."

"மாலைக்கண்ணா?"

தலையை ஆட்டினாள். அவருடைய பெரியப்பாவுக்கும் இருந்ததாம். இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, இந்த வருஷம் ரொம்ப மோசமாகிவிட்டது. மில்லுக்குள் ட்யூப் லைட் வெளிச்சத்தில் எப்படியோ சமாளித்துவிடுகிறார். மைதானத்தில் வெயில் இறங்கிவிட்டால் பந்து எங்கே வருகிறது என்றே தெரிவதில்லை. வெளியே சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள், அதோடு வேலையும் போகும் என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். சத்தியத்தை மீறி என்னிடம் சொல்லிவிட்ட பயத்தில் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

எல்லாம் பொருந்தி வந்தது. ஆவணியில் பொழுது நீளம், பந்து அவரைத் தாண்டவில்லை. ஐப்பசியில் மேகமும் சேர்ந்துகொள்ள, ஆட்டம் முடிவதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. மாலை ஷிப்டுக்குப் போகும்போது அவர் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடம் ஓடவில்லை. சொன்னால் அந்தக் குடும்பம் தெருவுக்கு வரும். சொல்லாவிட்டால் கடைசி மேட்சிலும் அதே கதை, அணியே போகும். இன்னும் எத்தனையோ வீடுகளுக்கு அதே கதி. நான் யாருக்கு விசுவாசமாக இருப்பது?

முடிவெடுக்க எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் கீப்பரைத் தனியாக மடக்கிக் கேட்பது என்று ஃபிட்டரும் இன்னும் சிலரும் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. கேட்கிற விதத்தில் கேட்டால் சொல்லிவிடுவான் என்றார் ஒருவர். கேட்பது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. சனிக்கிழமை வரை பொறுக்காமல், அன்று சாயங்காலமே கணவர் வந்ததும் கண் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"நெசமாவா?"

"அவ பொய் சொல்லல."

"இம்புட்டு நாளா குருடன நிறுத்தி வச்சுக்கிட்டா கத்திக்கிட்டு இருந்தோம்?" என்று கழற்றிய சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு கிளம்பினார். முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. நானும் பின்னாலேயே ஓடினேன்.

கீப்பர் வீட்டு வாசப்படியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொழுது மயங்கும் நேரம். தெருவில் போகிறவர்களின் முகம் எனக்கு நன்றாகவே தெரிந்தது. என் கணவர் அவருக்கு எதிரே போய் ஒன்றும் பேசாமல் நின்றார். கீப்பர் தலையை லேசாகச் சாய்த்து, செருப்புச் சத்தம் நின்ற பக்கம் பார்த்தார்.

"யாரு?"

கையெட்டும் தூரத்தில் நிற்கிறவரைப் பார்த்து அவர் அப்படிக் கேட்டதும் என் கணவரின் கோபம் எங்கே போனதோ. பக்கத்தில் உட்கார்ந்து, "நான்தான்ப்பா" என்றார்.

வெகுநேரம் பேசினார்கள். கீப்பர் மறைக்கவில்லை. யார் சொன்னது என்றும் கேட்கவில்லை. அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வெளிச்சம் இருக்குற வரைக்கும் என்னையத் தாண்டி ஒண்ணு போயிருக்காண்ணே?" என்றார் கீப்பர். "இப்ப என்னைய எடுத்தீங்கன்னா, வித்துட்டான், அதான் எடுத்துட்டாங்கன்னு ஊரு சொல்லும். கடைசி மேட்ச் ஆடிக்கிறேன். பந்து தெரியலேன்னா நானே கையத் தூக்கிருவேன்."

மாற்று கீப்பர் அப்போதுதான் அப்ரென்டிஸாக வந்த பையன். ஒரு லீக் மேட்ச்கூட ஆடியதில்லை. என் கணவர் யோசித்துவிட்டு, சரி என்றார்.

ஃபிட்டரிடம், நான் விசாரித்துவிட்டேன், அவன்மேல் தப்பில்லை, அதற்குமேல் கேட்காதே என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஃபிட்டர் நம்பவில்லை. நீயும் சேர்ந்துகொண்டாயா என்று கேட்டுவிட்டு, எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். அது என் கணவரை உறுத்தியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நைட் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்குச் சிரமம் என்று லீக்காரர்களைப் போய்ப் பார்த்து, கடைசி மேட்சை அரை மணி முன்னதாகத் தொடங்கச் சம்மதம் வாங்கிவந்தார். எதிரணி பழங்காநத்தத்துப் பையன்கள். அவர்கள் பட்டியலின் நடுவில் பத்திரமாக இருந்தார்கள், மறுப்புச் சொல்லவில்லை. நமக்கு டிரா போதும். தோற்றால் இறக்கம்தான்.

மேட்ச் அன்று கீப்பரின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். "நான் போறேன்க்கா. நீங்களும் வாரீங்களா?" என்றாள். இருவரும் போனோம். சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் கீழே நின்றோம். சிலர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

காலையிலிருந்தே மூட்டம். சொன்ன நேரத்துக்கு இரண்டு அணிகளும் இறங்கி நின்றன. ஆனால் கடைசி மேட்ச் என்று எங்கள் மில் அதிகாரி ஒருவரைத் தலைமை விருந்தினராக அழைத்திருந்தார்கள். அவர் கார் வரவில்லை. என் கணவர் கோட்டோரமாக மேலும் கீழும் நடந்தார். ஒருவழியாகக் கார் வந்தது. மாலை போட்டார்கள். அவர் ஒவ்வோர் ஆட்டக்காரராகக் கைகொடுத்து, எந்த ஊர், எந்த டிபார்ட்மென்ட் என்று விசாரித்தார். கெஞ்சி வாங்கிய அரை மணி எங்கள் ஆளாலேயே போனது.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் எங்கள் கோலை நோக்கிப் பந்து வந்துகொண்டேயிருந்தது. கீப்பர் பாய்ந்து பாய்ந்து தள்ளினார். ஒருமுறை மூலைக்குப் போன பந்தை விரல் நுனியால் தட்டிவிட்டார். அவரை ஏசிக்கொண்டிருந்தவர்களே கைதட்டினார்கள். அதற்குள் மைதானத்தின் மேற்கு ஓரம் மங்கிவிட்டது. என் பக்கத்தில் நின்றவள் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டேயிருந்தாள். குழந்தை சிணுங்கியும் விடவில்லை.

அப்போது என் கணவர் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஓடிப்போய் நின்றதைப் பார்த்தேன். "இடது... இடதுல வாரான். நடுவுல போட்டுட்டான். மேல, மேல" என்று கத்த ஆரம்பித்தார். கீப்பர் அந்தக் குரலைக் கேட்டே நகர்ந்தார். உயரே வந்த ஒரு பந்தை அப்படித்தான் நெஞ்சோடு பிடித்தார். ரசிகனின் வெறி என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

அடுத்து தரையோடு உருண்டு வந்த ஒரு பந்து அவர் காலருகே போய்க் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அவர் அசையவே இல்லை. கூட்டம் கொதித்தது. அவர் நிமிர்ந்து கையைத் தூக்கினார்.

ஆட்டம் நின்றது. மாற்று கீப்பர் உள்ளே ஓடினான். இவர் வெளியே நடந்தார். ஓடுகிறான் பார் என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். ஒரு மண்கட்டி அவர் தோளில் விழுந்தது. ஆனால் அவர் எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போகவில்லை. கோணலாக நடந்து மூலைக்கொடியில் மோதி, அதைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார்.

அவர் மனைவி குழந்தையை என் கையில் திணித்துவிட்டு மைதானத்துக்குள் நடந்தாள். அத்தனை ஆண்கள் நடுவே போய் அவர் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். சத்தம் ஒரு மூலையிலிருந்து அடங்கிக்கொண்டே வந்து மைதானம் அமைதியானது.

மிச்சமிருந்த நிமிஷங்களை நான் சரியாகப் பார்க்கவில்லை. மாற்று கீப்பர் ஒரு பந்தை நழுவவிட்டதும், எங்கள் பேக் ஒருவர் விழுந்து கோட்டிலிருந்து அதை வெளியே உதைத்ததும் நினைவிருக்கிறது. விசில் ஊதியது. டிரா. நாங்கள் இறங்கவில்லை. யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. ஃபிட்டர் வேப்பமரத்தடிக்கு வந்து, கீப்பருக்கு முன்னால் நின்று, அவர் தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"யாரு, அண்ணனா?" என்றார் கீப்பர்.

"ஆமாப்பா" என்றார் ஃபிட்டர்.

கண் ஆஸ்பத்திரியில், இது பரம்பரையாக வருவது, மருந்தில்லை, வயதாக ஆக அதிகமாகும் என்று சொல்லிவிட்டார்கள். பகல் ஷிப்டில் மட்டும் வேலை கொடுக்கும்படி மில்லில் ஆட்கள் கூட்டமாகப் போய்க் கேட்டார்கள். பஞ்சு குடோனில் கொடுத்தார்கள், ஆனால் பதிலியாகவே வைத்திருந்தார்கள். வேலையில்லாத நாட்கள்தான் அதிகம். மறு வருஷம் பொங்கல் முடிந்ததும் அண்ணன் தம்பிகளோடு விவசாயத்தைப் பார்க்கிறேன் என்று குடும்பத்தோடு வாடிப்பட்டிக்கே கிளம்பிவிட்டார்.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏற்றிவிட நாங்கள் இருவரும் போயிருந்தோம். நல்ல வெயில். மூட்டை முடிச்சுகளை அவரே பஸ்ஸின் மேல் ஏற்றினார். கீழே இறங்கியதும் என் கணவரிடம், அந்த மாற்று கீப்பர் பையன் பந்தை மட்டும் பார்க்கிறான், ஆளைப் பார்ப்பதில்லை, அதை யாராவது அவனிடம் சொல்ல வேண்டும் என்றார். சொல்கிறேன் என்றார் இவர். அவர் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். என்மேல் அவளுக்குக் கோபம் உண்டா இல்லையா என்று நான் கேட்டதில்லை. குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள்.

பஸ் போன பிறகு நானும் என் கணவரும் திரும்பி நடந்தோம். பாதி தூரத்தில் அவர், ஞாயிற்றுக்கிழமை புது சீசனுக்கு ஆள் எடுக்கிறார்கள், ஃபார்வர்டு லைனை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது, நீயும் வந்து பார்க்கிறாயா என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.