தண்ணீர் திறப்பவர் மலையேறினார்

சாலையோரத்து இரும்பு மூடியை நகர்த்திவிட்டு, குனிந்து, இம்மானுவேல் குழிக்குள் காதைக் கொடுக்கிறார். ஆனையூரில் விடிந்தும் விடியாத நேரம். வாசல் தெளிக்க வந்த முனியாயி, "என்னண்ணே, இன்னைக்கு வருமா வராதா?" என்கிறார். "காத்து தள்ளுதும்மா. இந்தா, வந்துக்கிட்டே இருக்கு." அவர் வாய் மூடுவதற்குள் வீட்டுக் குழாய் இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டுகிறது.

பத்தொன்பது வருடங்களாக வால்வைத் திறந்து மூடுவதுதான் இம்மானுவேலின் வேலை. தண்ணீர் வந்தால் அவரை யாரும் நினைப்பதில்லை. வராவிட்டால் பரம்பரையையே இழுப்பார்கள். கொட்டாம்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குத் தண்ணீர் பாய்ச்சிய குடும்பம். அப்பா சின்னான் மடை திறந்தார், மகன் வால்வு திறக்கிறார். தண்ணீர்ச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் அவருக்கு வேறெதுவும் விழாது. கல்யாணப் பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்துபோய், எங்கோ ஒழுகும் குழாயை இறுக்கிவிட்டு வந்து, மறுபடி உட்கார்ந்து ரசம் கேட்கிற மனிதர்.

"குழாயில வர்றதப் பாத்துட்டேன், லாரியில வர்றதப் பாத்துட்டேன். பொறக்குற எடத்தப் பாக்கலியே டீச்சர்" என்று ஒருநாள் வசுந்தரா டீச்சரிடம் சொன்னார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அந்தத் தெருவில் இம்மானுவேலை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுக்கிற ஒரே வீடு. டீச்சரின் அண்ணன் மகன் பாலமுரளி, வருடத்துக்கு ஒருமுறை வனத்துறை அனுமதியோடு ஆறேழு பேரை மலைக்குக் கூட்டிப்போகிறவர். உச்சிப் புல்வெளியில் ஓர் இரவு தங்கி, காலையில் வைகையில் போய்ச் சேருகிற ஓர் ஓடையின் ஊற்றைப் பார்த்துவிட்டு இறங்குவது திட்டம். போன ஐப்பசியில் டீச்சர் தன்னோடு இம்மானுவேலையும் சேர்த்துக்கொண்டார்.

கிளம்பும் நாளில் இம்மானுவேல், தன் மகள் பவதாரிணியின் கல்லூரிப் பையில் ஆறு பாட்டில் தண்ணீரை அடைத்துக்கொண்டு வந்து நின்றார். மலை முழுக்கத் தண்ணீர்தான் என்று பாலமுரளி தலையில் அடித்துக்கொண்டார். "இருக்கும் தம்பி. நேரத்துக்கு விடணும்ல?"

மேலே, கால் வைத்த இடமெல்லாம் புல்லுக்கடியில் கசிந்தது. மேகம் தோளை உரசிக்கொண்டு போனது. வால்வு இல்லை, முறை இல்லை, எந்நேரமும் ஓட்டம். இம்மானுவேலுக்கு முதலில் சந்தோஷம். போகப் போகப் பதற்றம். "இம்புட்டும் வீணாப் போகுதே" என்று நடை முழுக்கப் புலம்பினார்.

சாயங்காலம் மூன்று கூடாரம் அடித்து, மழைநீர் வடிவதற்காகச் சுற்றிலும் வாய்க்கால் வெட்டினார்கள். இரவு மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் சலசலத்தது. இம்மானுவேல் அரைத்தூக்கத்தில் எழுந்தார். டார்ச்சைக்கூடத் தேடவில்லை. புல்கட்டியும் கல்லும் திரட்டி வாய்க்காலின் வாயை அடைத்து, கையால் தட்டிக் கெட்டிப்படுத்தினார். சத்தம் நின்றது. நிம்மதியாக வந்து படுத்துக் குறட்டையும் விட்டார்.

விடிவதற்குள் டீச்சரின் கூடாரத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். மற்ற இரண்டுக்கும் அதே கதி. போர்வை, மாற்றுத்துணி, ரவை, தீப்பெட்டி எல்லாம் ஊறிக் கிடந்தன.

"அண்ணே, தண்ணி போறதுக்குத்தானண்ணே வெட்டுனோம்!" பாலமுரளியின் குரல் நடுங்கியது கோபத்தாலா குளிராலா தெரியவில்லை.

"ஓடுற சத்தம் கேட்டா கை சும்மா இருக்க மாட்டேங்குது தம்பி. நம்ம தெருவுல எங்கயோ பைப்பு ஒடைஞ்சிருச்சுன்னு நெனச்சுட்டேன்."

பாலமுரளி முடிவு செய்துவிட்டார். உடுத்த உலர்ந்த துணி இல்லை. நேராக இறக்கம்தான், ஊற்று கிடையாது. இம்மானுவேல் எல்லோருடைய துணிகளையும் வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பிழிந்துகொண்டிருந்தார்.

பல் கிட்டிப்போய் நின்றிருந்த டீச்சர்தான் வாயைத் திறந்தார். "இதுக்கு மேல நனைய என்னடா இருக்கு முரளி? அரை மணி நேர நடைதான? நடந்தா சூடு வரும்."

"காய்ச்சல் வந்துரும் அத்தை."

"வந்தா வரட்டும். பத்தொம்பது வருசமா நம்ம வீட்டுக்குத் தண்ணி விட்டவரு. அவருக்காக ஒரு காய்ச்சல் வந்தா என்ன கொறஞ்சு போயிரும்?"

இந்த வார்த்தையை இம்மானுவேல் இன்றும் இரண்டு தரம் சொல்லிக் காட்டுவார். வசவு கேட்டே பழகிய காது அது. காய்ச்சல் வந்தது உண்மைதான். நாலு நாள் டீச்சர் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனது இம்மானுவேலின் மனைவி ஜெயக்கொடி.

டீச்சர் சொன்னபடியே நடந்தார்கள். ஊற்று பெரிதாக ஒன்றுமில்லை. பாறையடியில், பாசிக்கு நடுவே, சுண்டுவிரல் தடிமனில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கூட வந்தவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது. இம்மானுவேல் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் முன் குந்தினார். கண் கலங்கியதை அவர் மறைக்கவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினார். கை நிறைவதற்கு வெகுநேரம் பிடித்தது. நிறைந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"குடிங்கண்ணே" என்றார் பாலமுரளி. இப்போது அவர் குரலில் கோபமில்லை.

"வேணாம் தம்பி. கீழ ஆளு கொடத்தோட நிக்கிது" என்று சொல்லி, கையிலிருந்ததை ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் மெல்ல ஓடையிலேயே விட்டார்.