இதழியல் பட்டமும் அப்பாவின் கையெழுத்தும்

1. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, ஓசூரில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன்.

2. அதை விட்டுவிட்டுச் சென்னையில் இதழியல் படித்தேன். மூன்று ஆண்டுகள்.

3. அதற்காக வாங்கிய கல்விக் கடன் மூன்று லட்சத்து எண்பதாயிரம். கூட்டுக் கடன்தாரராக அப்பா கையெழுத்துப் போட்டார்.

4. படிப்பு முடிந்ததும் ஒரு நாளிதழுக்குப் பாலக்கோடு பகுதி நிருபரானேன்.

5. ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கியது. மாதம் ஆறாயிரத்து இருநூறு. நான் அதிகம் சம்பாதித்த மாதத்தில் கைக்கு வந்தது ஏழாயிரத்துச் சொச்சம். மற்ற மாதங்களில் நாலாயிரத்தைத் தாண்டவில்லை.

6. நான்கு தவணைகள் நின்றுபோயின.

பகுதி நிருபருக்குச் சம்பளம் கிடையாது. அச்சில் வந்த செய்திகளைக் கத்தரித்து, வெள்ளைத் தாளில் ஒட்டி, மாதக் கடைசியில் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒட்டியதற்குத்தான் காசு. உண்மையான வருமானம் விளம்பரக் கமிஷனில் இருக்கிறது. திருவிழா வாழ்த்து, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி. நேற்று யாருடைய குறையை எழுதினேனோ அவரிடமே இன்று போய் விளம்பரம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்னோடு திரிந்த மற்ற நிருபர்களுக்கு அது வந்தது. அவர்களைத் தப்பாகச் சொல்லவில்லை. அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு விவசாயி போன் செய்தார். வங்கியில் பயிர்க்கடன் தராமல் அலைக்கழிக்கிறார்கள், வந்து எழுதுங்கள் என்றார். போனேன். எனக்குக் கல்விக் கடன் தந்த வங்கியேதான். வாசலில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். ஆறாவது ஆள் அப்பா. சிட்டா, அடங்கல் என்று நிலக் கணக்கு நகல்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மார்போடு பிடித்திருந்தார்.

என்னை அழைத்தவர் சிரித்தார். "ஏங்க, வூட்லயே பேப்பர்க்காரப் புள்ளய வெச்சிக்கிட்டு நீங்களும் எங்களோட வெயில்ல நிக்கறீங்களே! ஒரு அதட்டல் போடச் சொல்றதுதானே?"

"புள்ள அது வேலயப் பாக்கட்டுங்க," என்றார் அப்பா.

வரிசையாகக் கேட்டு எழுதுவது என் பழக்கம். பெயர், ஏக்கர், பயிர், வங்கி சொன்ன காரணம். ஒருவருக்குப் பட்டாவில் பெயர் மாறவில்லை. ஒருவருக்கு மேனேஜர் மாறிவிட்டார், அடுத்த மாதம் வரச் சொன்னார்களாம். இப்படி ஐந்து பேரை முடித்து அப்பாவிடம் வந்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரிடமும் கேட்டாக வேண்டியிருந்தது.

"ரெண்டு ஏக்கரா. தக்காளி," என்றார். அவர் பார்வை என் பேனாவில் இருந்தது. "கூட்டுக் கையெழுத்துப் போட்ட கடன் ஒன்னு நிலுவைல நிக்குதாம். அது தீந்தாதான் இதுன்னுட்டாங்க."

"யாருக்குங்க போய்க் கையெழுத்துப் போட்டீங்க?" பக்கத்தில் இருந்தவர் அதட்டினார். "அவன் நல்லா ஊரச் சுத்திக்கிட்டு இருப்பான், நீங்க இங்க காயறீங்க."

"வேண்டப்பட்டவங்களுக்குதாங்க," என்றார் அப்பா.

நான் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். செய்தியை அனுப்பும்போது ஐந்து விவசாயிகள் என்று எழுதினேன். நான்கு பத்திகளில் நல்ல இடத்தில் வந்தது. அதைக் கத்தரித்து ஒட்டியபோது நூற்றைம்பது ரூபாய் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது.

வங்கிக்குப் போன அன்று மத்தியானமே வீட்டில் அப்பாவிடம் கேட்டேன். தவணை நின்றதற்கு வங்கியிலிருந்து அவர் பெயருக்கு நோட்டீஸ் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா நீ வேலய வுட்டுருவ."

"வுட்டுட்டு வேற வேலைக்குப் போய்க் கட்டியிருப்பேன்ல?"

"அப்ப அந்தப் படிப்புக்கு எதுக்குக் கட்டறது?" என்றார். "மாடு வாங்கற கடன மாட்டுலருந்துதான் கட்டுவோம். படிப்புக் கடன அந்தப் படிப்புலருந்து கட்டுனாத்தான் படிச்சதா அர்த்தம்னு இருந்தேன். எப்படியும் ஒனக்கு நேரம் வரும்னு."

தவறு என் பக்கம்தான். ஆனால் அவர் யோசனையிலும் ஒரு தவறு இருந்தது, அதில்தான் இரண்டு மாத வட்டி ஏறியிருந்தது.

ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, பட்டம் தந்தது, பட்டம் எடுத்தது என்று எழுதிப் பார்த்தேன். எடுத்த பக்கத்தில் எல்லாமே எண்கள். தந்த பக்கத்தில் முதல் வரி, நான் எழுதிய பிறகு பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு வரத் தொடங்கிய பேருந்து. அதற்கு நேராக என்ன எண் போடுவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பழைய கம்பெனியின் மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன்.

இப்போது நிலைமை இது. ஓசூரில் அதே சோதனைப் பிரிவில் பத்து மாதங்களாக இருக்கிறேன். நின்றிருந்த தவணைகளைக் கட்டிவிட்டேன். இன்னும் நூற்று மூன்று இருக்கின்றன. அப்பாவுக்குப் பயிர்க்கடன் கிடைத்தது, ஆனால் நாற்று நடும் பருவம் தாண்டிய பிறகு. அந்த முறை நிலத்தில் பாதியைச் சும்மா போட்டார். பாலக்கோடு பகுதிக்கு நாளிதழ் வேறு ஒருவரை நியமித்துவிட்டது. அவர் விளம்பரமும் பிடிக்கிறார், செய்தியும் சுமாராக எழுதுகிறார். கடன் முடிந்த பிறகு நான் எழுதப் போவேனா என்று அப்பா கேட்கிறார்.