தட்டணுக்களை எழுப்பாமல்

மதியம் மூன்று மணி நாற்பது. எங்கள் பனியன் யூனிட்டில் செக்கிங் மேசையருகே நின்றிருந்த என் மகள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, மூச்சு வரலை" என்றாள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, காலில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்துச் சில நாள்களே ஆகியிருந்தன. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிட்டது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் மருத்துவர் எழுப்பிய கேள்வி எங்களோடு வீட்டுக்கு வந்தது: கட்டுப் போட்டதால் உறைந்ததா, இவள் ரத்தத்தின் குணமே அதுவா? குணம் என்றால் ஆயுள் முழுக்க மாத்திரை. பிள்ளை உண்டாகும் காலத்தில் இன்னும் பயம். வழக்கமான சோதனைகளோடு, கோவையில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை ஆராயும் ஓர் அம்மையாரிடமும் ரத்தத்தைக் கொடுக்கச் சொன்னார்.

திருப்பூரிலேயே எடுத்த ரத்தத்தை என் தம்பியும் நானும் காரில் கொண்டுபோனோம். தம்பி சாயப்பட்டறை வைத்திருப்பவன். துணிக்குப் போடும் என்சைம் வெயிலில் கெட்டுவிடும் என்று ஐஸ் பெட்டியில் வைத்துப் பழகியவன். ரத்தத்தையும் அப்படியே வைத்துவிட்டான். பெட்டியைத் திறந்த அம்மையார் குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க, ஐஸ்ல வைக்கச் சொன்னது யாருங்க?"

"கெட்டுப் போயிருமுங்களே மேடம்."

"குளுர் பட்டா இந்தத் தட்டணுவெல்லாம் உருண்டை கட்டி, உறையறதுக்கு முழிச்சுக்குமுங்க. இதை அளந்து சொன்னா உங்க பொண்ணு மேல பொய்யா ஒரு நோவு ஏறிரும். வேண்டாமுங்க."

இரண்டாம் முறை மகளையே அழைத்துப் போனோம். அகன்ற ஊசி, கையை இறுக்கிக் கட்டவில்லை. ஊசி குத்தியதிலேயே சில விழித்திருக்கும் என்று முதலில் வந்த ரத்தத்தை ஒதுக்கினார். ரத்தத்தைப் பிரிக்கும் இயந்திரம் மெதுவாகச் சுற்றியது. தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"துணி பிழியற எங்க ஹைட்ரோ மிசின்ல போட்டா ரெண்டே நிமிசமுங்க."

"துணி கோவிச்சுக்காதுங்க. இது கோவிச்சுக்கும்."

அந்த மதியத்துக்குப் பிறகு மகள் சிரித்தது அன்றுதான்.

சிவப்பு அடியில் தங்கி, மேலே வெளிர்மஞ்சள் நீர் நின்றது. குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து லேசாகச் சாய்த்தார். நீருக்குள் பட்டு மடிப்பதுபோல ஒரு மினுமினுப்பு அலையலையாய்ச் சுழன்றது. தட்டையாக, அமைதியாக மிதக்கும் தட்டணுக்கள்தான் அப்படி மின்னுமாம். அவற்றைப் பிரித்து, சும்மா இருக்கும்போதும் சீண்டும்போதும் எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கின்றன, எவ்வளவு சர்க்கரையை எரிக்கின்றன என்று அளக்கப் போவதாகச் சொன்னார். ஆயுள் முழுக்கத் துணியின் மினுமினுப்பைப் பார்த்தே பிழைத்தவள் நான். என் மகளுக்குள் இப்படியொன்று, காயம் படும் நொடிக்காகக் காத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. இன்றும் அவள் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பேன். அப்போதெல்லாம் அந்த மினுமினுப்பை நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு சாயங்காலம், தாராபுரத்திலுள்ள தன் வீட்டுக்குப் போகும் வழியில் அந்த அம்மையாரே யூனிட்டுக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"உங்க பொண்ணு தட்டணு சும்மா இருக்கறப்ப சும்மாத்தானுங்க இருக்குது. சீண்டுனாத்தான் எந்திரிக்குது. அப்படித்தான் இருக்கோணும். இது ஒண்ணை வச்சு மட்டும் சொல்லலீங்க. மத்த ரிப்போர்ட்டும் இதைத்தான் சொல்லுதுன்னு உங்க டாக்டர் சொன்னாரு. கட்டுப் போட்டதுனால வந்ததுதான். மாத்திரையைச் சீக்கிரம் நிறுத்திருவாரு."

பிறகு, மறுபடி மூச்சு நின்றுவிடுமோ என்ற பயத்தில் நாற்காலியை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார்.

"அதுக தூங்கட்டும் கண்ணு. நீ எந்திரிச்சு நட."