என் கட்டுரையைப் படித்தவள்

தாமிரபரணிக்குள் கடற்பஞ்சின் உறவுக்காரன் ஒருவன் குடியிருக்கிறான் என்றால் யாரும் நம்புவதில்லை. கோடையில் தண்ணீர் இறங்கிய பிறகு படித்துறைக் கல்லின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தால், பச்சையும் பழுப்புமாகச் சொரசொரவென்று கையில் படும். குளிக்க வருகிறவர்கள் பாசி என்று நினைத்துக் காலால் தேய்த்துவிட்டுப் போவார்கள். அது பாசி இல்லை, பிராணி. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிற நான், இந்த ஆற்றுப் பஞ்சைப் பற்றித்தான் என் வாழ்நாளின் உருப்படியான ஒரே கட்டுரையை எழுதினேன்.

விடுமுறை நாட்களில் சேரன்மகாதேவிக்குப் பஸ் ஏறிப் போய், முழங்கால் தண்ணீரில் நின்று கல்லைப் புரட்டிப் புரட்டிச் சேர்த்த விஷயம் அது. ஒரு நாள் குளிக்க வந்த பெரியவர் ஒருவர், "என்னம்மா தேடுதிய, கொலுசு விழுந்துட்டா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தானும் குனிந்து தேட ஆரம்பித்தார். நான் விளக்கியதும் ஏமாந்துபோய்க் கரையேறினார். கொலுசென்றே சொல்லியிருக்கலாம், கொஞ்ச நேரம் கூட இருந்திருப்பார்.

நான் பிறந்தது கடற்கரையில், மீன்பிடிக் குடும்பத்தில். அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கட்டுரை வெளிவந்த செய்தியை முதலில் அவளிடம்தான் போனில் சொன்னேன். "ஏட்டி, வலையில பஞ்சு சிக்கினா நாங்க பிச்சித் தூர எறிவோம். நீ அதைத் தேடிப் போயிப் பாக்குதியாக்கும்" என்று சிரித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பல்கலைக்கழகம் வரை படித்தவர்கள் அந்த அளவுகூடக் கேட்கவில்லை.

எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவருக்குக் கட்டுரை வந்தால் மற்றவர்களுக்கு வடையும் காப்பியும் வாங்கித் தர வேண்டும். நானும் வாங்கிக் கொடுத்தேன். வடை சூடாக இருக்கிறதா என்று கேட்டார்கள். பதவி உயர்வுக்கு இதற்கு எத்தனை புள்ளி என்று கேட்டார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறாய் என்று ஒரு வாய் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். தனியாக இருக்கிற வீடுதான், பழகிப்போன தனிமைதான். ஆனால் இது வேறு. ஆசைப்பட்டுக் கண்டுபிடித்த ஒன்றைக் காட்ட ஆளில்லாமல் கையில் வைத்துக்கொண்டிருப்பது.

படிக்க நினைத்தாலும் எவரும் படித்திருக்க முடியாது என்பது வேறு விஷயம். கட்டுரை வந்த இதழ் வெளிநாட்டுக்காரர்களுடையது. காசு கட்டினால்தான் திறக்கும். எங்கள் கல்லூரி கட்டவில்லை. அந்தச் சமயத்தில்தான் கல்லூரி நூலகர் எங்களை உட்கார வைத்து ஒரு வகுப்பு எடுத்தார். ஆராய்ச்சியாளர்களுக்கென்று இணையத்தில் ஒரு வலைத்தளம் இருக்கிறதாம், அச்சான பக்கங்களைப் போடக் கூடாதென்றாலும் நம் கைப்பிரதியை அதில் போட்டுவைக்கலாமாம். போட்டால் மற்றவர்கள் மேற்கோள் காட்டுவார்கள், பெயர் பரவும், கல்லூரியின் தரவரிசை ஏறும் என்று காரணங்களை அடுக்கினார். எல்லோரும் தலையாட்டினோம். எனக்கு வேண்டியது ஒரு ஆள். அதை அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது?

போட்டேன். வலைத்தளம் அடிக்கடி வாழ்த்து அனுப்பியது. இந்த வாரம் உங்கள் கட்டுரைதான் உங்கள் துறையிலேயே அதிகம் பார்க்கப்பட்டது என்றது. எங்கள் துறையில் வேறு யாரும் எதையும் போட்டிருக்கவில்லை. அச்சான பிரதியே வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் கட்டுரையோடு ஒரு கடிதமும் எழுதினேன். உங்கள் ஆற்றில் இது உண்டா, எந்தக் கல்லில் ஒட்டுகிறது, வெயிலில் என்ன ஆகிறது என்று. ஒருவரும் பதில் போடவில்லை. பந்தியில் சாப்பிட்டு இலையை மடித்துவிட்டுப் போகிறவர்களும் வாசலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தானே போவார்கள்? அப்படியும் தினமும் திறந்து பார்ப்பேன். மானம் கெட்ட பிழைப்புதான், ஆனாலும் பார்ப்பேன்.

பிறகு பிரேசிலிலிருந்து அவள் எழுதினாள். ஒரு பெரிய ஆற்றங்கரை ஊரில் ஒப்பந்த வேலையில் இருக்கிற ஆராய்ச்சியாளர். அவளுக்கும் ஆங்கிலம் தடுமாற்றம், எனக்கும் அப்படியே. அதனால் சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தாள். ஆற்றுப் பஞ்சு வெயிலில் செத்துப்போகும்போது கடுகு போன்ற மணிகளை விட்டுச் செல்லும், மறு வெள்ளத்தில் அதிலிருந்துதான் முளைக்கும். அந்த மணியின் மேலிருக்கும் நுண்ணிய முட்களை வைத்துத்தான் இன்ன இனம் என்று சொல்வது. என் நான்காவது படத்தில் இருக்கும் முள், நான் சொன்ன இனத்தினுடையது இல்லை என்று எழுதியிருந்தாள். ஒரே கல்லில் இரண்டு இனங்கள் கலந்து வளர்ந்திருக்க வேண்டும், நான் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிட்டேன். படத்தின் மூலையில் அம்புக்குறிகூடப் போட்டு அனுப்பியிருந்தாள்.

முகம் சுட்டது. உடனே, சொன்னால் வெட்கம், அழுகை வந்தது. அந்தப் படத்தை எடுக்க ஒரு மாதம் பாடுபட்டிருக்கிறேன். அதன் மூலை வரைக்கும் ஒருத்தி பார்த்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போய்ப் புது மணிகள் எடுத்து வந்தேன். திங்கள்கிழமை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், இரண்டு இனங்கள்தான். அவள் சொன்னது சரி. பக்கத்து மேஜைக்காரர் நல்ல மனுஷர், என் பதவி உயர்வு விண்ணப்பம் மேலே போயிருப்பது அவருக்குத் தெரியும். அவரிடம் சொன்னபோது பதறிவிட்டார். குரலைத் தாழ்த்தி, "மேடம், அந்த வலைத்தளத்துல இருந்து பைய எடுத்துருங்க. பேசாம இருந்துருங்க. யாரு பாக்கப் போறா?" என்றார்.

"ஒருத்தி பாத்துட்டா சார்" என்றேன்.

எனக்கே தெரியாமல் சிரித்திருக்கிறேன் போல. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனார்.

இதழுக்குத் திருத்தக் குறிப்பு அனுப்பினேன். விண்ணப்பம் அந்த வருஷம் திரும்பி வந்தது. அதற்கு முன்பே அவளுக்குப் படங்களோடு நீண்ட கடிதம் எழுதியிருந்தேன். நீ சொன்னது சரி, அந்த இரண்டாவது இனத்தைப் பற்றி நாம் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதலாமா என்று கேட்டிருந்தேன். பல நாள் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை, ஊருக்குத் திரும்பி ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்கிறேன், நுண்ணோக்கி இனி இல்லை, வாழ்த்துகள் என்று. நான் எழுதிய மறு மின்னஞ்சல் அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. வலைத்தளத்தில் அவள் பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது, படம் இல்லாமல்.

இரண்டாவது கட்டுரையை நான் ஒற்றையாகத்தான் எழுதினேன். நன்றி சொல்லும் இடத்தில் அவள் பெயரைப் போட்டேன். வந்த அன்றே கைப்பிரதியை வலைத்தளத்தில் ஏற்றினேன். வடை வாங்கவில்லை. இப்போதும் புதிதாக வருகிற இளம் ஆசிரியர்கள் இதையெல்லாம் எதற்கு மேடம் வலைத்தளத்தில் சும்மா தூக்கிப் போடுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். நூலகர் சொன்ன காரணங்களையே நானும் சொல்லி அனுப்பிவிடுகிறேன். அவள் இப்போது எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. ஒரு பள்ளிக்கூடச் சம்பளத்தில் காசு கட்டி இதழ் படிக்க மாட்டாள். என்றைக்காவது ஆற்றுப் பஞ்சு ஞாபகம் வந்து தேடினால், யாரையும் கேட்காமல் அவள் கைக்கு அது கிடைக்க வேண்டும்.